முள்செடி வாங்க வேண்டுமா? சுங்கை சிப்புட்டில் இந்தக் கடைக்குப் போங்கள்

முள்செடி எங்கே வாங்கலாம் என்று எங்கள் தாமான் குடியிருப்பில் யார் கேட்டாலும் நான் ஈப்போவைச் சொல்வதில்லை. மலேசியாவில், நம் பேராக்கின் சுங்கை சிப்புட் பட்டணத்தைத் தாண்டி லிந்தாங் பக்கம் போகும் சாலையில், செம்பனை மரங்கள் தொடங்குவதற்குச் சற்று முன்னால் இடது கைப் பக்கம் ஒரு நர்சரி இருக்கிறது, அங்கே போங்கள் என்பேன். கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. பூச்செடி விற்கப்படும் என்று மலாயில் சிவப்புப் பெயிண்டில் எழுதிய தகரம் ஒன்று வேலியில் கட்டியிருக்கும். அதைக் கண்டதும் வண்டியை மெதுவாக்குங்கள், இல்லாவிட்டால் தாண்டிப் போய்விடுவீர்கள்.

பெரிய ஊர்க் கடைகளில் செடிக்குப் பஞ்சமில்லை. பூச்சாடியும் அழகாக இருக்கும். ஆனால் முள் இருக்கும் எல்லாவற்றுக்கும் ‘காக்டஸ்’ என்று ஒரே ஸ்டிக்கரை ஒட்டி, வாரம் ஒரு முறை தண்ணீர் என்று ஒரே வரியை எழுதி வைத்துவிடுகிறார்கள். இந்தக் கடையில் நாம் ஒரு செடியைக் கையில் எடுத்தால், விலையைச் சொல்வதற்கு முன்பே அது என்ன செடி, எந்தக் குடும்பம், வீட்டில் எந்தப் பக்கம் வைக்க வேண்டும் என்று சொல்லிவிடுகிறார்கள். நான் இந்த மதிப்புரையை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். ஒரே ரேக்கில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு முள்செடிகளுக்குள் மாமரத்துக்கும் தென்னைக்கும் உள்ள தூரம் இருக்கலாம். அது தெரியாமல் வாங்கினால், எவ்வளவு பாசமாகப் பார்த்துக்கொண்டாலும் ஒன்று பிழைக்கும், இன்னொன்று அழுகும்.

கடையை நடத்துகிறவர் அறுபது வயதைத் தாண்டிய ஓர் அக்கா. தோட்டத்தில் பால் வெட்டியவர். ரப்பரை அழித்துச் செம்பனை போட்ட பிறகு லயத்தைவிட்டு வெளியே வந்து, வீட்டு வாசலில் பத்துப் பதினைந்து செடிகளோடு ஆரம்பித்தாராம். இப்போது மகனும் கூட இருக்கிறார். இரும்புக் குழாயில் சட்டம் அடித்து, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் கூரை போட்டிருக்கிறார்கள். அதன் கீழே நீளமாக நான்கு மேசை. கூரைக்கு வெளியே செம்பருத்தி, காகிதப்பூ, கறிவேப்பிலை, ஓமவல்லி எல்லாம் உண்டு. அவை எல்லா நர்சரியிலும் கிடைப்பவைதான். உள்ளே இருக்கும் நான்கு மேசைகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதல் மேசையில் கேக்டஸ், இரண்டாவதில் கள்ளி. இப்படிப் பிரித்து வைத்திருக்கும் கடையை நம் பக்கத்தில் வேறு எங்கும் நான் பார்த்ததில்லை. கேக்டஸ் என்பது அமெரிக்கக் கண்டங்களில் தோன்றிய குடும்பம். மரக்கிளையில் தொங்கி வளரும் ஒரே ஓர் இனம்தான் ஆப்பிரிக்காவிலும் இலங்கையிலும் இயற்கையாகக் காணப்படுகிறது. மற்ற அத்தனையும் மெக்சிகோ, பெரு, பராகுவே என்று அந்தப் பக்கத்தவை. நம் தாத்தா பாட்டிகள் ஊரில் வேலிக்கு நட்ட சதுரக்கள்ளி, இலைக்கள்ளி, திருகுகள்ளி எல்லாம் அறிவியல் பெயரில் யூஃபோர்பியா. அவை வேறு குடும்பம். சப்பாத்திக்கள்ளி மட்டும், பெயரில் கள்ளி இருந்தாலும், அமெரிக்காவிலிருந்து வந்த கேக்டஸ்தான்.

இரண்டையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்று அக்கா சொல்லிக் கொடுக்கும் விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரு பூதக்கண்ணாடியை நூலில் கட்டி மேசைக் காலில் தொங்கவிட்டிருக்கிறார். முள் உடம்போடு சேரும் இடத்தைப் பார்க்கச் சொல்வார். கேக்டஸாக இருந்தால் ஒவ்வொரு முள்கூட்டத்துக்கும் அடியில் பஞ்சு வைத்தது மாதிரி ஒரு சின்ன மெத்தை இருக்கும். முள் அதிலிருந்துதான் கிளம்பும். பூ வந்தாலும் கிளை வந்தாலும் அங்கிருந்துதான். கள்ளியில் அந்த மெத்தை கிடையாது. பெரும்பாலும் முள் இரண்டிரண்டாக, ஆட்டுக் கொம்பு போல விரிந்து நிற்கும், நேராகத் தோலிலிருந்தே வரும்.

அப்புறம் பால். மேசையில் எப்போதும் ஒரு குண்டூசி குத்தி வைத்திருப்பார். அடிப்பக்கம் லேசாகக் குத்தினால் கள்ளியில் உடனே வெள்ளைச் சொட்டு வரும். “முப்பது வருசம் இந்தப் பாலத்தான பாத்தேன் தங்கச்சி, எனக்கா தெரியாது?” என்பார். அவர் சொல்வதில் தாவரவியலும் இருக்கிறது. ரப்பர் மரமும் கள்ளியும் ஒரே குடும்பம், யூஃபோர்பியேசி. இங்கிருந்து பக்கத்திலே உள்ள கோலகங்சாரில், 1877-இல் கொண்டுவந்து நட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று இன்னும் மரமாக நிற்கிறது. நம்மை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்த மரமும் வாசலில் முள்ளோடு நிற்கும் செடியும் உறவுக்காரர்கள் என்று அக்கா சொல்லித்தான் நான் முதலில் கேட்டேன். அன்றிலிருந்து அந்த மேசையை நான் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது.

பால் சோதனையை மட்டும் நம்பக் கூடாது என்பதையும் அவரே சொல்வார். மாமிலேரியா என்கிற உருண்டைக் கேக்டஸ்களில் சிலவற்றைக் குத்தினாலும் வெள்ளைப் பால் வரும். அதனால் முதலில் மெத்தை, பிறகுதான் ஊசி. மாமிலேரியாவை வேறு விதமாகவும் கண்டுபிடிக்கலாம். மற்ற பல உருண்டைக் கேக்டஸ்களில் மேலிருந்து கீழே வரிவரியாக விலா எலும்பு போல ஓடும். இதில் அது இல்லை, சின்னச் சின்னப் புடைப்புகளாகச் சுற்றிச் சுற்றி அடுக்கியிருக்கும். பூ வந்தால் உச்சியில் வளையமாக, கிரீடம் சூட்டியது மாதிரி வரும்.

கள்ளி என்று தெரிந்துகொள்வது ஏன் முக்கியம் என்றால், அந்தப் பால் ரப்பர் பால் மாதிரி சாது கிடையாது. தோலில் பட்டால் எரியும், சிவக்கும், சிலருக்குக் கொப்புளமும் வரும். கண்ணில் பட்டால் கருவிழியையே புண்ணாக்கிவிடும். வலி சில சமயம் உடனே தெரியாது, சில மணி நேரம் கழித்துத்தான் பிடிக்கும். பட்டவுடன் தேய்க்காமல், ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடமாவது கழுவிவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அக்கா இதை ஒவ்வொரு முறையும், ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் சொல்கிறார். வீட்டில் தவழும் குழந்தை இருக்கிறது என்று தெரிந்தால் கள்ளி மேசைப் பக்கமே விடமாட்டார். ஒரு தடவை என் கண் முன்னாலேயே, இரண்டடி உயரத்துக்கு நன்றாக வளர்ந்த செடியை, கையில் பிள்ளையோடு வந்த தம்பதிக்கு விற்க மறுத்து, முள்ளில்லாத வேறொரு செடியைக் கொடுத்து அனுப்பினார். விற்றிருந்தால் அவருக்கு இருபத்தைந்து வெள்ளி (ரிங்கிட்) வந்திருக்கும்.

அந்த இரண்டடிச் செடி யூஃபோர்பியா டிரிகோனா. மூன்று பட்டையாகத் தண்டு, பட்டையின் ஓரத்தில் முள், முள்ளுக்கு நடுவே சின்னச் சின்ன இலை. நம் தட்பவெப்பத்துக்கு இதைவிட நல்ல கள்ளி இல்லை என்பது என் அபிப்பிராயம். கேக்டஸைவிடக் கொஞ்சம் தாராளமாகத் தண்ணீர் ஏற்கும். நிழல் கொஞ்சம் கூடினாலும் கோபித்துக்கொள்ளாது. இலை சிவப்பாக இருக்கும் வகையும் இங்கே உண்டு, ஆனால் அது வெயில் குறைந்தால் பச்சையாகிவிடும்.

இரண்டாவது மேசையின் பாதியை, மலாயில் மஹ்கோத்தா டுரி (முள் கிரீடம்) என்று சொல்லும் பூக்கும் கள்ளிதான் பிடித்திருக்கிறது. சீன வாடிக்கையாளர்கள் இதை போய் சியான் என்று கேட்டு வாங்குகிறார்கள். எட்டு தேவர்களின் பெயர் அது. ஒரு கொத்தில் எட்டுப் பூ வந்தால் அதிர்ஷ்டம் என்பது நம்பிக்கை, சீனப் பெருநாள் நெருங்கும்போது இந்தப் பக்கம் நல்ல கூட்டம் இருக்கும். மடகாஸ்கரில் தோன்றிய செடி. தாய்லாந்துக்காரர்கள் கலப்பினம் செய்து பெரிய பூவாக ஆக்கிவிட்டார்கள். பூ என்று நாம் நினைக்கும் அந்த இரண்டு வண்ண இதழ்களும் உண்மையில் பூவடிச் செதில்கள். நடுவில் கடுகு அளவில் இருப்பதுதான் நிஜப் பூ. அதனால்தான் வாரக்கணக்கில் வாடாமல் நிற்கிறது. இந்தக் கடையில் மஞ்சள், வெளிர் பச்சை, ரோஜா, ஓரம் மட்டும் சிவந்தது என்று பல நிறங்கள் இருக்கின்றன. பத்து வெள்ளியிலிருந்து பதினைந்து வெள்ளிக்குள் விலை. எல்லாம் அவர்களே கிளை வெட்டி வளர்த்தவை. கிளையை வெட்டியதும் பாலைக் கழுவி, சில நாள் நிழலில் காயவிட்டு, வெட்டுவாய் காய்ந்த பிறகுதான் நடுகிறார்கள். கொல்லைப்புறத்தில் பழைய அலமாரித் தட்டு முழுக்கக் கிளைகள் காய்ந்துகொண்டிருப்பதைக் கேட்டால் காட்டுவார்கள். வெயில் அடிக்கும் வாசல் உள்ளவர்களுக்கு, முதல் முள்செடியாக நான் சிபாரிசு செய்வது இதைத்தான். வருடம் முழுவதும் பூக்கும், நம் மழையையும் தாங்கும்.

மூன்றாவது மேசையில் கேக்டஸும் இல்லாத, கள்ளியும் இல்லாத மற்றவை. பேச்சிபோடியம் என்று ஒன்று, தடித்த தண்டு முழுக்க மும்மூன்றாக முள், உச்சியில் மட்டும் நீள இலை. தென்னங்கன்று மாதிரித் தெரியும், ஆனால் அரளி குடும்பம். கற்றாழை வகைகள், நுனியில் ஊசி வைத்த அகேவ். ஹுவேர்னியா என்கிற சிறிய செடியைப் பார்த்தால் பயங்கரமான பல்லாகத் தெரியும். தொட்டால் மெதுவாக இருக்கும், குத்தாது. பூ நட்சத்திரம் போல அழகு, ஆனால் நாற்றத்துக்கு ஈ மொய்க்கும். வீட்டுக்குள் வைக்காதீர்கள்.

நான்காவது மேசையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பிள்ளைகளை அழைத்துப் போனால் நேராக ஓடுவது அங்கேதான். சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு உருண்டைகள் பச்சைக் காம்பின் மேல் உட்கார்ந்திருக்கும். பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையிலும் பேரங்காடியிலும் எங்கே பார்த்தாலும் இது உண்டு. மேலே இருக்கும் வண்ண உருண்டை பராகுவே பக்கத்து ஜிம்னோகலிசியம் கேக்டஸின் பச்சையம் இல்லாத வகை. தனக்குத்தானே உணவு சமைக்க முடியாது. அதனால் பச்சைத் தண்டின் மேல் ஒட்டுப் போடுகிறார்கள், அந்தத் தண்டு நமக்குத் தெரிந்த டிராகன் பழக் கொடிதான். 1940-களில் ஜப்பானில் தொடங்கிய வேலை இது, இப்போது கொரியாவிலிருந்து பெட்டி பெட்டியாக உலகம் முழுக்கப் போகிறது. கீழே இருக்கும் கொடி வேகமாக வளரப் பார்க்கும், மேலே இருப்பது மெதுவாக வளரும். அதனால் பெரும்பாலும் சில வருடங்களில் இரண்டும் பிரிந்துவிடும். இதை எந்தக் கடைக்காரராவது உங்களிடம் சொன்னதுண்டா? அக்கா சொல்கிறார். “இது ரொம்ப நாளு இருக்காது தங்கச்சி, பாப்பாவுக்கு ஆசைன்னா வாங்கிக்க, எட்டு வெள்ளிதான். ஆனா செத்துப்போச்சுன்னு அழுவக் கூடாது.” கீழே இருக்கும் கொடிக்கு ஏற்றபடிதான் இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதும் அவர் பாடம்: மற்றக் கேக்டஸைவிடக் கொஞ்சம் கூடுதல் தண்ணீர், உச்சி வெயிலில்லாத வெளிச்சம். காம்பு சுருங்கினால் தாகம், காம்பின் அடி பழுப்பானால் அழுகல். மேலே அழகாக இருக்கிறதே என்று ஏமாறக் கூடாது.

இதே மேசையில்தான் பவளம் மாதிரி மடிப்பு மடிப்பாக விசிறி போல விரிந்த ஒட்டுச்செடியும் இருக்கிறது. காக்டஸ் என்று விற்கிறார்கள், ஆனால் மேலும் கள்ளி, கீழும் கள்ளி. மேலே யூஃபோர்பியா லாக்டியா, கீழே நம் இலைக்கள்ளி. ஒட்டுக்குக் கீழே இலைக்கள்ளி துளிர்விட்டால் உடனே கிள்ளிவிட வேண்டும், இல்லையென்றால் மேலே போகிற சத்து முழுக்க அங்கே போய்விடும். அழகுதான், ஆனால் நாற்பது வெள்ளிக்கு மேல் போகிறது. நம் ஈரத்தில் அந்த மடிப்புகளுக்குள் பூஞ்சணம் பிடிக்கும் ஆபத்தும் உண்டு. எனக்கு இதில் அவ்வளவு விருப்பமில்லை.

கடையில் இல்லாத ஒன்றுக்காகவும் பாராட்ட வேண்டும். காய்ந்த பூவைச் சூடான பசையால் கேக்டஸ் தலையில் ஒட்டி, பூத்த செடி என்று விற்பது இப்போது எல்லா இடத்திலும் நடக்கிறது. செடிக்குச் சாயம் அடிப்பதும், மேல்மண்ணில் கூழாங்கல்லைப் பசை போட்டு ஒட்டுவதும் நடக்கிறது. ஒட்டிய கல் இருந்தால் தண்ணீர் உள்ளே போவதும் தெரியாது, மண் காய்ந்ததா என்பதும் தெரியாது. இங்கே ஒட்டுவேலை எதுவும் கிடையாது. பூ இருந்தால் அது செடியில் பூத்தது.

இனி மண். முள்செடி நம் பக்கம் சாவது பெரும்பாலும் வேர் அழுகித்தான். தண்ணீர் அதிகம் என்று எல்லோரும் சொல்வார்கள். அதில் பாதி குற்றம் மண்ணுடையது. கறுப்பு மண்ணும் தேங்காய்நார்த் தூளும் மட்டும் போட்ட சாடியில் தண்ணீர் உள்ளேயே நிற்கும். நம் ஊரில் பகலில் முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று டிகிரி, இரவிலும் பெரும்பாலும் இருபத்து மூன்றுக்குக் கீழே இறங்காது, காற்றில் எப்போதும் ஈரம். மெக்சிகோவில் பகல் சூடு, இரவு குளிர். கேக்டஸ் பகலில் வாயை மூடிக்கொண்டு இரவுக் குளிரில்தான் மூச்சுவிடும் செடி. அதற்கு நம் புழுக்கமான இரவு ஏற்கெனவே கஷ்டம். அதன் மேல் ஈர மண்ணும் சேர்ந்தால் தாங்காது.

அக்கா கலக்கும் மண்ணில் பாதிக்கு மேல் கல்தான்: பியூமிஸ் என்கிற நுரைக்கல், கழுவிய ஆற்று மணல், செக்காம் பாக்கார் என்று நாம் வாங்கும் கருக்கிய நெல் உமி, மிச்சம் கொஞ்சம் மக்கிய உரம். பையில் கட்டி ஏழு வெள்ளிக்குத் தருகிறார். கையில் பிடித்து அழுத்தினால் உருண்டை சேராமல் உதிர வேண்டும், அதுதான் பக்குவம். கள்ளிக்கும் மஹ்கோத்தா டுரிக்கும் இந்தக் கலவை அப்படியே போதும். ஆனால் உருண்டைக் கேக்டஸுக்கு இன்னும் கொஞ்சம் நுரைக்கல் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து. மழை மாதங்களில் அவர் பையில் உமி கூடுதலாகவும் கல் குறைவாகவும் இருப்பதைக் கவனித்திருக்கிறேன், நுரைக்கல் விலை ஏறிவிட்டது என்கிறார் மகன். வாங்கும்போது பையைத் திறந்து பாருங்கள்.

தண்ணீருக்கு அவர் சொல்லும் வழியை எங்கள் தெருவில் பாதிப் பேர் பிடித்துக்கொண்டார்கள். சாத்தே இறைச்சி குத்தும் குச்சி ஒன்றைச் சாடியின் அடிவரை செருகி, கொஞ்ச நேரம் கழித்து எடுத்துப் பாருங்கள். ஈரமாக, மண் ஒட்டி வந்தால் தொடாதீர்கள். சுத்தமாகக் காய்ந்து வந்தால் அடித்துளை வழியே ஒழுகும் வரை நன்றாக ஊற்றுங்கள். தினமும் ஒரு மூடி, இரண்டு மூடி என்று தெளிப்பதால் வேருக்கு ஒரு பயனுமில்லை. வாரத்துக்கு இத்தனை முறை என்று கணக்கு வைப்பது நம் பேராக்கில் சரிவராது. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மத்தியானம் தவறாமல் இடி மழை வரும், அப்போது சாடி காயவே பல நாளாகும். புகைமூட்டம் வருகிற காலத்தில் வெயிலே இருக்காது, செடி தண்ணீர் குடிக்காது. குச்சி சொல்வதைக் கேட்பதுதான் ஒரே வழி.

சாடிக்கு அடியில் தட்டு வைக்கக் கூடாது என்பதில் அக்கா பிடிவாதம். வேருக்கும் கெடுதல், ஏடிஸ் கொசுவுக்கும் வீடு. சுகாதார இலாகாக்காரர்கள் வீட்டுக்கு வந்து தட்டில் புழுவைக் கண்டால், நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அபராதம் போடலாம். துளையில்லாத கண்ணாடிக் குவளை, பீங்கான் கிண்ணம் எதிலும் அவர் நட்டுத் தரமாட்டார். யாராவது பரிசுக்கு என்று கேட்டால், துளையுள்ள பிளாஸ்டிக் சாடியில் நட்டு அதைக் கிண்ணத்துக்குள் இறக்கித் தருகிறார்.

வெளிச்சம் பற்றியும் நேராகப் பேசுவார். படுக்கையறை மேசைக்கு, கணினி பக்கத்தில் வைக்க என்று கேட்டு வருகிறவர்களிடம், கேக்டஸ் அங்கே நீண்டு வெளுத்து, தலை கூம்பிப்போகும், ஒருமுறை அப்படி மெலிந்த பாகம் திரும்பப் பருக்காது என்று சொல்லிவிடுகிறார். தினமும் நாலைந்து மணி நேரமாவது வெயில் வேண்டும், மழை நேராக விழக் கூடாது. இரண்டுக்கும் பொருந்துவது நம் தாமான் வீடுகளின் வாசல் கொட்டகைதான், கூரையின் ஓரமாக, காலை வெயில் விழும் பக்கம். கடையின் கூரைக்கு அடியில் வளர்ந்த செடியை அன்றே உச்சி வெயிலில் வைத்தால் தோல் வெந்து வெள்ளைத் தழும்பு விழும். இரண்டு வாரத்தில் மெல்ல மெல்ல வெளியே நகர்த்தச் சொல்வார்.

கேமரன் மலைக்குப் போய்விட்டு வருகிறவர்கள் பெட்டி நிறைய கேக்டஸ் வாங்கி வருவது வழக்கம். பிரிஞ்சாங் ஏறக்குறைய ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் உயரத்தில் இருக்கிறது, இரவில் நல்ல குளிர். அங்கே பூத்துக் குலுங்கும் செடி கீழே வந்து சில மாதத்தில் சோர்ந்துபோவதற்குக் காரணம் அந்தக் குளிர் நமக்கு இல்லாததுதான். இந்தக் கடையின் செடிகள் சுங்கை சிப்புட்டின் சூட்டிலேயே வேர்விட்டு, இங்கேயே குட்டி போட்டவை. கொஞ்சம் சின்னதாக, முகத்தில் ஒன்றிரண்டு தழும்போடு இருந்தாலும் வீட்டுக்கு வந்த பிறகு நிற்கும். வேறொரு நன்மையும் உண்டு: உலகமெங்கும் காட்டிலிருந்து கேக்டஸைத் தோண்டித் திருடுகிறார்கள். கேக்டஸ் குடும்பம் ஏறக்குறைய முழுவதும், தடித்த தண்டுள்ள கள்ளிகளும், அரிய உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்கிற உலக ஒப்பந்தத்தின் பட்டியலில் இருக்கின்றன. தங்கப் பீப்பாய் என்று நாம் ஆசையாக வாங்கும் மஞ்சள் முள் உருண்டை, மெக்சிகோவில் தன் சொந்த மண்ணில் அழியும் நிலையில் இருக்கிறது. 1990-களில் அங்கே அணை கட்டியபோது அதன் வாழிடத்தில் பெரும்பகுதி தண்ணீருக்குள் போனது. விதையிலிருந்து நர்சரியில் வளர்ந்ததை வாங்கினால் மனம் நிம்மதியாக இருக்கிறது.

வைத்தியமும் பார்க்கிறார்கள். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ஓர் இணையக் கடையில் பத்துச் செடிக் கலவை என்று வாங்கினார். பெயரும் இல்லாமல், வேரில் மண்ணும் இல்லாமல், காகிதத்தில் சுற்றி வந்தன. அதில் உயரமான ஒன்று அடியில் பழுப்பாகி மெத்தென்று ஆனது. அக்காவிடம் கொண்டுபோனோம். சாராயத்தில் துடைத்த கத்தியால் அடியிலிருந்து சீவிக்கொண்டே போனார், நடுவில் ஒரு பழுப்புப் புள்ளி தெரிந்தாலும் நிறுத்தவில்லை, வெட்டுமுகம் முழுக்கப் பச்சையான பிறகுதான் கத்தியை வைத்தார். செடி பாதியாகிவிட்டது. நிழலில் காயவிட்டு, கல் மண்ணில் நிறுத்தி, வேர்விட்ட பிறகு கூப்பிட்டுக் கொடுத்தார். ஐந்து வெள்ளி வாங்கினார். மாவுப்பூச்சிக்குப் பஞ்சில் எழுபது சதவிகித ஆல்கஹால் தொட்டுத் துடைத்துக் காட்டுவார், வேரிலும் வெள்ளையாகப் பூச்சி ஒட்டியிருக்கும் என்பதால் சாடியிலிருந்து எடுத்துப் பார்க்கச் சொல்வார். வேப்பெண்ணெய் அடித்தால் அன்று வெயிலில் வைக்கக் கூடாது, தோல் கருகும். அடியில் மட்டும் மரப்பட்டை மாதிரி காய்ந்து கெட்டியாக இருந்தால் அது வயது, நோயில்லை, பயப்பட வேண்டாம் என்பார். அழுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும்.

குறைகளும் உண்டு. பெரிய குறை, முயல்காது என்கிற சப்பாத்தி வகையை நடைபாதை ஓரமாக, பிள்ளைகள் கை எட்டும் உயரத்தில் வைத்திருப்பது. பார்க்கப் பஞ்சுப் பொட்டு மாதிரி இருக்கும், தொட்டால் நூற்றுக்கணக்கில் மயிர்முள் ஏறிவிடும். கண்ணுக்கும் தெரியாது, நாள் முழுக்க அரிக்கும். ஒட்டுத்தாளை அழுத்தி அழுத்தி உரித்துத்தான் எடுக்க வேண்டும். மேல் தட்டுக்கு மாற்றச் சொல்லிப் பல முறை கேட்டுவிட்டேன், தண்ணீர் ஊற்ற வசதி என்று அங்கேயே வைத்திருக்கிறார்கள். இது சரியில்லை, மாற்றத்தான் வேண்டும்.

மகன் எழுதி வைக்கும் பெயர்க்குச்சிகளில் எழுத்து மழையில் அழிந்துபோகிறது. அக்கா இருந்தால் வாய்ப்பாடம் கிடைக்கும். அவர் இல்லாத நேரம் போனால், கடையில் உதவிக்கு இருக்கும் பையனுக்கு விலை மட்டும்தான் தெரியும். இந்தக் கடையின் மதிப்பே அக்காவின் பேச்சுதான் என்பதால், அதை அழியாத மையில் எழுதி ஒவ்வொரு சாடியிலும் குத்தி வைத்தால் எவ்வளவோ நல்லது. விலையும் ஒரே அளவுச் செடிக்கு ஒன்று இரண்டு வெள்ளி முன்னே பின்னே இருக்கும். சின்ன மாமிலேரியா ஆறு வெள்ளி, டென்னிஸ் பந்து அளவு தங்கப் பீப்பாய் பதினைந்து என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

போக நினைப்பவர்களுக்கு: காலை எட்டரை மணிக்குத் திறக்கிறார்கள், பத்து மணிக்குள் போனால் நல்லது. மத்தியானம் அந்தப் பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே நிற்க முடியாது. வெள்ளிக்கிழமை அக்கா கோயிலுக்குப் போய்விட்டு மெதுவாகத்தான் வருவார். கார் நிறுத்த இடம் குறுகல், சாலையில் லோரி வேகமாக வரும், கொஞ்சம் தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள். ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு வாசலில் வெயில் எந்த நேரம் எவ்வளவு தூரம் விழுகிறது என்று கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு போனால், அதைப் பார்த்துத்தான் அக்கா செடியே எடுத்துக் கொடுப்பார். திரும்பி வரும்போது செடி உருளாமல் இருக்க ஓர் அட்டைப் பெட்டியும், முள்ளைச் சுற்ற இரண்டு பழைய நாளிதழும் எடுத்துப் போங்கள், கடையில் பை மட்டும்தான் தருவார்கள்.